மூன்றா, எட்டா

ஆர்.சி. புத்தகத்தில் கடைசி எண் எட்டு.
இரும்பில் இருப்பது என்னவென்று
பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து வாருங்கள் என்றார்கள்
ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜன்னலில்.

ஞாயிறு காலை, பெத்தானியாபுரம், எங்கள் வாசல்.
பக்கக் கொக்கிகள் இரண்டையும் விடுவித்து
பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தேன்.
ஹெரால்டு அப்படித்தான் திறக்கும்,
மொத்த மூஞ்சியையும் குப்புறப் போட்டுக்கொண்டு.
முன் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.
பந்தைக் கையில் பிடித்தபடி பையன்கள் வந்துவிட்டார்கள்.
வழக்கமான இரண்டு கேள்விகள்:
லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?
குடுப்பீங்களா?

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
தோலுக்கு உள்ளே பார்க்கத்தான் சம்பளம்.
இங்கே தோலே நாலு அடுக்கு.
எமரித் தாளும் கொஞ்சம் தின்னரும்.
நான் அடித்த வெண்ணெய் நிறம் போனது.
அடியில் பள்ளிக்கூட பெஞ்சுப் பச்சை.
அதனடியில் ஒரு கறுப்பு,
பிரஷ் முடி ஒன்று உள்ளே ஒட்டிக் காய்ந்தபடி.
அப்புறம், சுண்டுவிரல் நகமளவு, ஒரு நீலம்.
எனக்கு முன் ஐந்து பேர். யாருக்குப் பிடித்த நீலமோ.
கொஞ்ச நேரம் தேய்க்காமல் இருந்தேன்.

பி.எஃப். பணத்தில் வாங்கியது.
சக்களத்தி என்று திட்டலாமென்றால்
அதற்கு ஆண்பால் இல்லையே தமிழில்
என்று அலுத்துக்கொள்வார் ஜெயசீலன்.
அலுத்துக்கொண்டே டார்ச்சும் பிடிப்பார்.

அரசரடி சிக்னலில் ஒருமுறை
இடது முன்சக்கரம் மண்டியிட்டது.
பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது,
பின்னால் பதினேழாம் நம்பர் பஸ் அலறியது.
அந்த ட்ரன்னியனுக்கு கிரீஸ் ஆகாது,
கெட்டி கியர் ஆயில்தான் போகவேண்டும்.
வச்சது நாந்தான் என்றான் மைதீன்.
வைக்கச் சொன்னது நான் என்றேன்.
செலவு பாதிப் பாதி.
இப்போது மாதாமாதம், சம்பளத்தன்று,
பால்காரருக்கு முன்னால் அதற்கு ஊற்றிவிடுகிறேன்.

சித்திரையில் இன்னொரு கூத்து.
தார் உருகும் வெயில். கரிமேடு தாண்டவில்லை,
பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி
இருமி, விக்கி, நின்றது.
தண்ணீர் பாட்டில் காலி.
மீன் மார்க்கெட்டில் இருளாயியிடம் ஐஸ் கேட்டேன்.
எத்தனை கிலோ மீனுக்கு என்றாள்.
மீன் இல்லை, பம்புக்கு.
எட்டிப் பார்த்தாள், சிரித்தாள், அரைச் சட்டி அள்ளி
தன் ஈரத் துண்டில் கட்டி
தானே பம்பின் தலையில் வைத்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைப்பதுபோல.
மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது.
நாலு நாள் சீலா வாடை.
தெருப் பூனைகள் எல்லாம்
எங்கள் பானெட்டில் குடியிருந்தன.

ஆனால் ஒன்று.
ஆட்டோவே மூன்று முறை முன்னும் பின்னும் போகிற
கீழவாசல் பக்கத்துச் சந்துகளில்
இது ஒரே வெட்டில் திரும்பும்.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்
பின்சக்கரம் நின்ற இடத்தில் நிற்க
முன்பக்கம் மட்டும் பாவாடை சுற்றுவது போலச் சுற்றும்.
வேலையில்லாமலே அங்கே போயிருக்கிறேன்,
திரும்புவதற்காக.

தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன்.
எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாய் எழுந்தன.
கடைசி எண்ணில் வந்து குழம்பியது.
எட்டின் இடப்பக்கத்தைத் துரு தின்று மூன்றாக்கியிருக்கலாம்.
மூன்றின் இடப்பக்கத்தில் குழி விழுந்து எட்டாகியிருக்கலாம்.
என்னடா தெரியுது என்றேன் பையன்களிடம்.
எட்டு என்றான் ஒருவன். மூணு என்றான் ஒருவன்.
சின்னவன் நிதானமாகப் பார்த்துவிட்டு
ஆறு என்றான்.

பழக்கதோஷம், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்.
சந்தேகமுள்ள ஃபிலிமுக்கு டாக்டர்கள் எழுதுவார்களே,
அதையே அடியில் எழுதினேன்:
படத்தில் தெளிவில்லை.
நேரில் பரிசோதிக்கவும்.

நாளை காலை பத்து மணிக்கு
அவர்கள் ஆபீஸ் வாசலில் நிறுத்துவேன்.
இன்றைக்கு இன்னும் பெட்ரோல் இருக்கிறது.
சோக்கை இழுத்தேன்.
பூனை ஒன்று இறங்கிப் போனது.